சிறப்புச் சரக்கு ஐந்து: சில்லறைக் கடைக்கு ஒரு பாடம்



சென்ற குற்றால சீசனில் எங்கள் தம்பி மகள் குடும்பத்துடன் ஊருக்கு வந்திருந்தாள். கலிபோர்னியாவில் பத்து ஆண்டுகளாகக் குடியிருப்பவள். ஒரு நாள் மாலை புளியங்குடியில் எங்கள் கடைக்கு வந்து, மூட்டைகளையும் டின்களையும் ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, “பெரியப்பா, உங்க கடையில கண்டிப்பா வாங்கிப் பாக்கணும்னா எதைச் சொல்வீங்க?” என்று கேட்டாள். துவரம்பருப்பு முதல் சூடம் வரை எல்லாம் இருக்கிறது என்று பெருமையாகச் சொன்னோம். “எல்லாம்தான் எல்லாக் கடையிலயும் இருக்கே, பெரியப்பா” என்றாள். நாற்பது ஆண்டுகள் வியாபாரம் செய்த எங்களுக்கு அதற்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. அந்தக் கேள்வியே இக்கட்டுரைக்குக் காரணம்.

நம் வாசலில் ஓடும் சாலை

திருமங்கலத்திலிருந்து கொல்லம் செல்லும் தேசிய நெடுஞ்சாலை ஸ்ரீவில்லிபுத்தூர், இராஜபாளையம், வாசுதேவநல்லூர், புளியங்குடி, கடையநல்லூர், தென்காசி வழியாகச் செங்கோட்டைக்குப் போகிறது. ஜூன் முதல் ஆகஸ்ட் வரை சாரல் காலத்தில் மதுரைப் பக்கமிருந்து குற்றாலம் போகிற கார்களும் வேன்களும் நம் கடை வாசலைக் கடந்துதான் போகின்றன. போகும்போதும் கடக்கிறார்கள், திரும்பும்போதும் கடக்கிறார்கள். நிற்பதோ டீக்கடையில்தான். மளிகைக் கடையில் நிற்க அவர்களுக்குக் காரணம் இல்லை.

இன்னொரு பக்கம், உள்ளூர் வாடிக்கையாளர்களில் பலர் மாதச் சாமானை சூப்பர் மார்க்கெட்டிலும் செல்போன் மூலமும் வாங்கத் தொடங்கிவிட்டனர். எண்ணெய், சோப்பு, பருப்பு ஆகியவற்றில் அவர்கள் விற்கும் விலை சில சமயம் நம் கொள்முதல் விலைக்கே சமமாக இருக்கிறது. விலையில் போட்டியிட்டு நாம் ஜெயிக்கப் போவதில்லை. அப்படியானால் எதில் ஜெயிப்பது?

அமெரிக்காவில் ஒரு மளிகைக் கடை

எங்கள் மகள் சொன்ன கடையின் பெயர் டிரேடர் ஜோஸ். ஜோ கூலோம் என்பவர் 1967-ஆம் ஆண்டு கலிபோர்னியாவின் பாசடீனா நகரில் இப்பெயரில் முதல் கடையைத் திறந்தார். அதற்கு முன் அவர் நடத்தியவை நம் தெருமுனைக் கடை போன்ற சிறு கடைகள். செவன் லெவன் என்ற பெரிய நிறுவனம் அதே தொழிலுக்கு வருவதைக் கண்டு, இனி இப்படியே இருந்தால் பிழைக்க முடியாது என்று வழியை மாற்றிக்கொண்டார். 1979-இல் ஜெர்மனியின் ஆல்டி கடைகளை நடத்தும் ஆல்பிரெக்ட் குடும்பம் அதை வாங்கியது. இன்று அமெரிக்காவில் ஐந்நூறுக்கும் மேற்பட்ட கிளைகள் உள்ளன.

நாம் கவனிக்க வேண்டியது கிளைகளின் எண்ணிக்கையை அல்ல. அங்கே சாதாரண சூப்பர் மார்க்கெட்டில் முப்பதாயிரம் வகைச் சரக்குகள் இருக்கும். டிரேடர் ஜோஸ் கடையில் சுமார் நாலாயிரம்தான். அவற்றில் பெரும்பாலானவை கடையின் சொந்தப் பெயரிலேயே விற்கப்படுகின்றன. ஒரு சரக்கைக் கடையில் வைப்பதற்கு முன் அவர்களே உட்கார்ந்து ருசி பார்க்கிறார்கள். ஓடாத சரக்கை இரக்கமின்றி நீக்கிவிடுகிறார்கள். வாங்கியது பிடிக்கவில்லை என்றால் திரும்பப் பெற்றுக்கொள்கிறார்கள். ஆண்டுதோறும் வாடிக்கையாளர்களிடமே எது பிடித்தது என்று வாக்குக் கேட்டுப் பட்டியல் வெளியிடுகிறார்கள். இதனால் அந்த ஊர் மக்கள் ஒருவரையொருவர் சந்திக்கும்போது, “அங்கே போனால் இதை வாங்கிப் பார்” என்று சொல்லும் பழக்கம் ஏற்பட்டிருக்கிறது. கடைக்காரர் செய்ய வேண்டிய விளம்பரத்தை வாடிக்கையாளரே செய்கிறார்.

வாழைப்பழ விஷயம் ஒன்றையும் சொல்ல வேண்டும். முன்பு அங்கே வாழைப்பழத்தை நாலைந்தாகப் பையிலிட்டு எடை கணக்கில் விற்றார்கள். முதியோர் அதிகம் வசிக்கும் பகுதியில் இருந்த கடையில் ஒரு மூதாட்டி பையை எடுத்துப் பார்த்துவிட்டு வைத்துவிட்டார். ஏன் என்று கேட்டதற்கு, நாலாவது பழம் சாப்பிடும்வரை தாம் உயிரோடு இருப்போமோ என்னவோ என்றாராம். நிறுவனத் தலைவராக இருந்த டான் பேன் சொன்ன செய்தி இது. மறுநாளே ஒற்றைப் பழமாக 19 சென்ட் விலைக்கு விற்கத் தொடங்கினார்கள். அந்த விலையை இருபது ஆண்டுகளுக்கு மேல் மாற்றவில்லை. 2024-இல்தான் 23 சென்ட் ஆக்கினார்கள்.

நம் நாட்டிலும் உதாரணம் உண்டு. 1905-ஆம் ஆண்டு முத்துசாமி முதலியார் வெண்ணெய் வியாபாரமாகத் தொடங்கியதுதான் நீல்கிரிஸ். 1936-இல் அது பெங்களூர் பிரிகேட் ரோட்டுக்கு வந்தது. வெண்ணெய்க்கும் ரொட்டிக்கும் அங்கே நம்பிப் போனவர்கள் மற்ற சாமான்களையும் அங்கேயே வாங்கினார்கள். ஒரு சரக்கில் கிடைத்த நம்பிக்கை கடை முழுவதற்கும் பரவியது.

எந்தச் சரக்கைத் தேர்ந்தெடுப்பது?

சிறந்த சரக்கு எல்லாவற்றையும் வாங்கி அடுக்கினால் முதல்தான் முடங்கும். எங்கள் அனுபவத்தில் மூன்று கேள்வி கேட்டால் போதும். அது நம் பக்கத்துச் சரக்கா? வண்டியில் வருகிறவருக்கு வழியில் வேறு இடத்தில் இதைவிட நன்றாகக் கிடைக்குமா? அதன் தரத்தைச் சோதிக்க நமக்குத் தெரியுமா?

இரண்டாவது கேள்வி முக்கியம். 2019-இல் புவிசார் குறியீடு பெற்ற ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா அருமையான பண்டம். ஆனால் மதுரைக்காரர் போகும்போதும் வரும்போதும் ஸ்ரீவில்லிபுத்தூரைக் கடந்தே ஆக வேண்டும். அங்கே சூடாக வாங்குவதை விட்டுவிட்டு நம்மிடம் ஆறியதை ஏன் வாங்குவார்? அது சீக்கிரம் கெடும் சரக்கும் கூட. குற்றாலத்து மங்குஸ்தான், ரம்புட்டானும் அப்படியே. அவற்றை அருவிக்கரையிலேயே வாங்கிவிடுவார்கள். இப்படிக் கழித்துப் பார்த்தபின் நாங்கள் குறித்த ஐந்து சரக்குகள் வருமாறு.

1. எலுமிச்சங்காய். புளியங்குடி எலுமிச்சைக்கு 2025-இல் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. நம் சந்தையிலிருந்து கேரளம் வரை காய் போகிறது. ஆனால் நம் ஊர்க் கடைகளில் வாசலில் வைத்திருப்பதோ, சந்தையில் கழித்த காய்! மெல்லிய தோல், கையில் எடுத்தால் கனம், லேசான மஞ்சள் நிறம், இம்மூன்றும் உள்ள காயைத் தனியாகப் பொறுக்கிக் கூடையில் வையுங்கள். ஒரு காயை வெட்டி எதிரிலேயே பிழிந்து காட்டுங்கள்.

2. எலுமிச்சை ஊறுகாய். கோடையில் விலை ஏறும், மழைக்காலத்தில் சரியும். சரியும்போது காய் வாங்கி ஊறுகாய் போட்டு வைத்தால் சீசனுக்குச் சரக்கு தயார். ஈரமில்லாத ஜாடி, தாராளமான உப்பு, நல்லெண்ணெய் ஆகியவற்றில் சிக்கனம் பார்க்கக் கூடாது.

3. கருப்பட்டி. உடன்குடிக் கருப்பட்டிக்குப் புவிசார் குறியீடு உண்டு. இதில்தான் ஏமாற்று அதிகம். சீனிப்பாகு கலந்தது பளபளப்பாக, உடைத்தால் உள்ளே சீனி மணிபோல் மின்னும். சாரல் காலத்துக் காற்றில் கருப்பட்டி கசியும். எனவே மூடிய டின்னில் வைத்து, தேவைக்கு மட்டும் வெளியே எடுக்க வேண்டும்.

4. கடலை மிட்டாய். கோவில்பட்டிக் கடலை மிட்டாய்க்கு 2020-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. கோவில்பட்டி இருப்பது திருநெல்வேலி–மதுரை சாலையில். நம் சாலையில் வருகிறவருக்கு வழியில் அவ்வூர் இல்லை. எனவே இது நமக்கு ஏற்ற சரக்கு. பல்லில் ஒட்டினால் பாகு பதம் தவறியது அல்லது காற்றுப் பட்டது என்று பொருள்.

5. மிளகு. செங்கோட்டைக்கு அப்பால் கேரள மலைத் தோட்டங்களிலிருந்து வரும் மிளகை நேரடியாக வாங்கலாம். ஒரு பிடியைத் தண்ணீரில் போட்டால் கனமான மணி அடியில் தங்கும். பொக்கும் பப்பாளி விதையும் மிதக்கும்.

எங்களுக்குக் கிடைத்த அடி

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மொத்த வியாபாரியிடமிருந்து கருப்பட்டி வாங்கினோம். விலை கிலோவுக்கு நாற்பது ரூபாய் குறைவு. உடைத்துப் பார்க்காமல் அவர் வாக்கை நம்பி, “அசல் உடன்குடி” என்று அட்டையில் எழுதி வைத்தோம். சீசனில் எல்லாம் விற்றுப் போயிற்று. நாங்களும் மகிழ்ந்தோம்.

அடுத்த ஆண்டு மதுரையைச் சேர்ந்த ஒரு பெரியவர் காரை நிறுத்தி, மீதமிருந்த ஒரு வட்டைக் காகிதத்தில் மடித்துக் கொண்டுவந்து எங்கள் மேஜைமேல் வைத்தார். “ஐயா, உங்க போர்டைப் பாத்துத்தான் வாங்கினேன். சர்க்கரை வியாதிக்கு மருந்து சாப்பிடுறவ என் சம்சாரம், பனங்கருப்பட்டிதானேன்னு அளவாப் போட்டுக் குடிச்சா” என்றார். உடைத்தோம். உள்ளே சீனி மின்னியது. கருப்பட்டியும் சர்க்கரை நோயாளிக்கு ஆகாது என்பது வேறு விஷயம். அவர் எங்கள் எழுத்தை நம்பினார் என்பதே எங்களைச் சுட்டது. பணத்தைத் திருப்பிக் கொடுத்தோம். வாங்கிக்கொண்டு வேறெதுவும் வாங்காமல் போய்விட்டார். எங்களுக்கு விற்றவரைக் குறை சொல்லிப் பயனில்லை. அட்டையில் எழுதிய கை எங்களுடையது. மறு ஆண்டு வந்தவர் ஊறுகாய் மட்டும் ஒரு பாட்டில் வாங்கினார். கருப்பட்டிப் பக்கம் திரும்பிப் பார்க்கவில்லை.

சிறப்புச் சரக்கு என்று பெயர் வைப்பது எளிது. அந்தப் பெயருக்கு ஜாமீன் நிற்பவர் கடைக்காரர் என்பதை மறக்கக் கூடாது.

கணக்கும் சட்டமும்

ஒரு சரக்கில் 10,000 ரூபாய் முதல் போட்டு, 25 சதவீத இலாபத்தில் ஆண்டுக்கு இருமுறை விற்றுத் தீர்ந்தால் கிடைப்பது 5,000 ரூபாய். அதே 10,000 ரூபாயை 10 சதவீத இலாபத்தில் மாதம் ஒருமுறை புரட்டினால் 12,000 ரூபாய். எனவே சிறப்புச் சரக்கு என்று சொல்லி விலையை வானத்தில் வைக்காதீர்கள். சிறிதாக வாங்கி, புதிதாக விற்று, மீண்டும் வாங்குங்கள். பாக்கெட்டும் சிறிதாக இருக்கட்டும். கருப்பட்டி ஒரு வட்டு, கடலை மிட்டாய் நூறு கிராம், மிளகு ஐம்பது கிராம் என்று வைத்தால், ருசி பார்க்க வருகிறவர் தயங்க மாட்டார். ஒற்றை வாழைப்பழத்தின் பாடம் இதுதான்.

சொந்தப் பெயரில் பாக்கெட் போடுகிறவர்கள் 2006-ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்பு மற்றும் தரங்கள் சட்டப்படி பதிவோ உரிமமோ பெற வேண்டும். அந்த 14 இலக்க எண், சேர்மானப் பொருள்கள், நிகர எடை, பாக்கெட் செய்த தேதி, அதிகபட்ச சில்லறை விலை, முகவரி ஆகியவை லேபிளில் இருக்க வேண்டும். புவிசார் குறியீடு பெற்ற பெயரை வேறு ஊரில் செய்த சரக்கின் மேல் எழுதுவது 1999-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். கொள்முதல் பில்லில் ஊர்ப் பெயர் இருக்கிறதா என்று பார்த்து, பில்லைக் கோப்பில் வையுங்கள்.

மொத்த வியாபாரிகளாகிய எங்களுக்கும் கடமை உண்டு. சில்லறைக் கடைக்காரர் ஐந்து கிலோ கேட்டால் ஐம்பது கிலோவைத் தலையில் கட்டக் கூடாது. பழுது என்றால் முகம் சுளிக்காமல் திரும்ப எடுத்துக்கொள்ள வேண்டும்.

உறுப்பினர்களுக்குப் பயிற்சி

இவ்வாரக் கடைசியில் கடையை அடைத்தபின், வீட்டாரையும் கடைப் பையன்களையும் உட்கார வைத்து, உங்கள் கடைச் சரக்கில் பத்தை எடுத்துச் சுவைத்துப் பாருங்கள். கண்ணை மூடிக்கொண்டு நம்மால் சிபாரிசு செய்ய முடிவது எது என்று ஒவ்வொருவரும் எழுதட்டும். அந்தச் சரக்கை மட்டும் வாசல் பலகையில் வையுங்கள். மூன்று மாதம் ஓடாததை எடுத்துவிடுங்கள். மாதச் சாமான் வியாபாரம் அதன் பாட்டுக்கு நடக்கட்டும். இது அதற்குத் துணை, மாற்று அல்ல.

எங்கள் கடையில் நாங்களும் அப்படிச் செய்து பார்த்தோம். மேலே சொன்ன ஐந்தில் எலுமிச்சங்காய், ஊறுகாய், மிளகு ஆகிய மூன்றுக்குத்தான் துணிந்து ஜாமீன் சொல்ல முடிகிறது. கடலை மிட்டாய்க்கு ஆள் பார்த்துக்கொண்டிருக்கிறோம். கருப்பட்டியை ஒவ்வொரு பெட்டியிலும் ஒரு வட்டு உடைத்துப் பார்த்தபின்தான் இறக்குகிறோம், ஆனால் “அசல்” என்ற அட்டையை இன்னும் மாட்டவில்லை. அடுத்த சீசனுக்குத் தம்பி மகள் வந்து அதே கேள்வியைக் கேட்டால், மூன்று பெயராவது சொல்லுவோம்.