மழைக்கு முன் செயினைப் பாருங்கள்

தாம்பரம் சுற்றுவட்டார பைக்காரர்களுக்கு ஐப்பசி மாத ஆலோசனை

வடகிழக்குப் பருவமழை வழக்கமாக அக்டோபர் 20 வாக்கில் தொடங்கும். அதற்கு முன் பிரேக், டயர், ஹெட்லைட் எல்லாம் பார்த்துவிடுகிறோம். செயின் ஞாபகம் மட்டும் சத்தம் கேட்ட பிறகுதான் வருகிறது. உடனே ஒர்க்‌ஷாப்பில் வண்டியை நிறுத்தி, "கொஞ்சம் டைட் வெச்சுக் குடுங்கண்ணே" என்போம். மழைக்காலத்தில் செயினுக்கு முதலில் வேண்டியது எண்ணெய். டைட் வைப்பது அதற்கப்புறம், அதுவும் அளவோடு.

பெல்ட்டில் ஓடும் ஸ்கூட்டர் வைத்திருப்பவர்களுக்கு இந்தக் கவலை இல்லை. டி.வி.எஸ். எக்ஸ்எல்-லில் தண்ணீர் கேன் போடுபவர்களுக்கு உண்டு, அதில் இருப்பது செயின்.

2015 டிசம்பர் 2 காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 செ.மீ. மழை கொட்டியது. தமிழ்நாட்டுக்கு முழுப் பருவத்துக்குமான சராசரியே ஏறக்குறைய 44 செ.மீ.தான். அப்படியொரு நாள் வராவிட்டாலும், ஒரு நல்ல மழைக்கே முடிச்சூர், வரதராஜபுரம், வேளச்சேரி, பள்ளிக்கரணைப் பக்கம் தெருத் தண்ணீரில்தான் வண்டி போகிறது. அந்தத் தண்ணீரில் டிப்பர் லாரி சிந்திவிட்டுப் போன எம்-சாண்டும், பெயர்ந்த சாலையின் ஜல்லித் தூளும் கலந்திருக்கும். இந்தப் பக்கத்துக் கல் லேசுப்பட்டதும் இல்லை. பல்லாவரம், பரங்கிமலைப் பாறையின் இனத்துக்கு 1893-இல் நிலவியலாளர் தாமஸ் ஹாலண்ட் 'சார்னோகைட்' என்று பெயர் வைத்தார். கல்கத்தாவில் கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி ஜாப் சார்னாக்கின் கல்லறைக்கல் அதே இனம் என்பதால் வந்த பெயர். முந்நூறு வருஷமாகக் கல்லறையில் நிற்கிற ஜாதிக் கல்லின் தூள் எண்ணெய் போன செயினுக்குள் புகுந்தால், தேய்வது இரும்புதான்.

செயின் நீண்டுவிட்டது என்கிறோம். தகடு இழுபட்டு நீளுவதில்லை. நூற்றுச் சொச்சம் இணைப்புகளில் ஒவ்வொரு பின்னும் புஷ்ஷும் மயிரிழை அளவு தேய்கின்றன. அத்தனையும் சேர்ந்த கூட்டுத்தொகைதான் அந்த நீளம். டைட் வைத்தால் தொங்கல் மறையும், தேய்மானம் மறையாது.

ஆகவே இந்த வாரம் செய்ய வேண்டியது சுத்தம். செயின் முழுக்க கவருக்குள் ஓடும் வண்டிகளில், ரப்பர் மூடியைத் திறந்து நாலு சொட்டு விட்டுச் சக்கரத்தைச் சுற்றுவதோடு பலர் விட்டுவிடுகிறார்கள். உள்ளே இருக்கும் சேறு அப்படியே இருக்க, அதன் மேல் எண்ணெய் படிகிறது. மழைக்கு முன் ஒரு தடவையாவது கவரைக் கழற்றச் சொல்லுங்கள். வெட்டிய வாட்டர் பாட்டிலில் கொஞ்சம் மண்ணெண்ணெய் அல்லது டீசல், ஒரு பழைய பல் துலக்கும் பிரஷ், ஒரு பிடி பனியன் வேஸ்ட் போதும். பெட்ரோல் வேண்டாம், தீப்பிடிக்கும், ஓ-ரிங் செயினில் ரப்பரையும் கெடுக்கும். அந்த ரப்பருக்காகவே கம்பி பிரஷ்ஷும் வேண்டாம். தேய்க்கத் தேய்க்கக் கறுப்புக் களிம்பாக இறங்கும். ரோலரை விரல் நுனியால் தள்ளினால் தடையில்லாமல் உருள வேண்டும், அதுவரை தேய்க்கலாம். இதெல்லாம் இன்ஜினை அணைத்துவிட்டு, நியூட்ரலில், சக்கரத்தைக் கையால் சுற்றித்தான். வண்டியை கியரில் ஓடவிட்டுத் துணி பிடிப்பவர்களை இன்னும் பார்க்க முடிகிறது. துணியோடு விரலும் ஸ்பிராக்கெட்டுக்குள் போய்விடும்.

நன்றாகத் துடைத்துக் காய்ந்த பிறகு 90 கியர் ஆயில், அல்லது செயினுக்கென்று விற்கும் ஸ்பிரே. கீழ்ப்பக்கச் செயினின் உள்புறத்தில், உள்தகடும் வெளித்தகடும் சேரும் இடுக்கில் சொட்டுச் சொட்டாக விடுங்கள், இரண்டு வரிசையிலும். இரவில் விட்டுக் காலையில் வெளியே வழிவதைத் துடைத்துவிடுங்கள். இன்ஜினிலிருந்து வடித்த பழைய ஆயிலை ஊற்றுவது வீண் சிக்கனம். அதில் உலோகத் துகள் இருக்கிறது, ஓடும்போது தெறித்தும் போய்விடும். கிரீஸ் அப்பினால் மணலுக்குப் பசை தடவி வைத்த மாதிரி.

சாதாரண நாளில் 500 கிலோமீட்டருக்கு ஒரு தடவை எண்ணெய் போதும். மழையில் அந்தக் கணக்கு செல்லாது. தாம்பரம் ஸ்டேஷன் ஸ்டாண்டில் நனைந்த வண்டியை விட்டுப் பீச் ரயில் ஏறி, இருட்டிய பின் வந்து எடுக்கிறவர்கள் செயினில் டார்ச் அடித்துப் பாருங்கள். தகட்டில் செம்பழுப்பு படர்ந்திருந்தால் அன்றிரவே துடைத்து எண்ணெய் விட வேண்டும். வண்டி தெருத் தண்ணீரில் அச்சு வரை மூழ்கியிருந்தால் அதற்கு முன் நல்ல தண்ணீரில் கழுவ வேண்டும்.

இப்போது தொங்கல். சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி, பின்சக்கரத்தை மெதுவாகச் சுற்றி, செயின் எங்கே அதிகம் இறுகுகிறதோ அங்கே நிறுத்துங்கள். கீழ்ச் செயினின் நடுவில் விரலால் மேலும் கீழும் அசைத்தால் மொத்த அசைவு பெரும்பாலான வண்டிகளில் 20 முதல் 30 மி.மீ. இருக்க வேண்டும். உங்கள் வண்டிக்கான அளவும், எந்த ஸ்டாண்டில் பார்க்க வேண்டும் என்பதும் கையேட்டில் இருக்கும். இந்தத் தொங்கலுக்குக் காரணம் உண்டு. பின்னால் ஆள் உட்கார்ந்ததும் ஸ்விங் ஆர்ம் மேலேறுகிறது. முன் ஸ்பிராக்கெட், ஸ்விங் ஆர்ம் மூட்டு, பின் அச்சு மூன்றும் ஒரே கோட்டுக்கு வரும்போது செயின் முழுக்க இறுகிவிடும். காலி வண்டியில் விறைப்பாக வைத்த செயின், இரண்டு பேரோடு ஜி.எஸ்.டி. சாலைப் பள்ளத்தில் இறங்கும்போது கியர்பாக்ஸ் பேரிங்கையும் சக்கர பேரிங்கையும் பிடித்து இழுக்கும். அந்தச் செலவோடு பார்த்தால் செயின் விலை ஒன்றுமில்லை. சந்தேகம் வந்தால் லூஸ் பக்கம் ஒரு நூல் விடுங்கள்.

சரிசெய்யும்போது அச்சு நட்டைத் தளர்த்தி, இரண்டு பக்க அட்ஜஸ்டரையும் சம அளவில் திருப்பி, ஸ்விங் ஆர்மில் உள்ள கோடுகள் இருபுறமும் ஒன்றாக இருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். ஒரு பக்கம் முந்தினால் சக்கரம் கோணி ஓடும். நட்டை முறுக்கிய பின் தொங்கலை மறுபடியும் அளக்கச் சொல்லுங்கள், மாறியிருக்கும். டிரம் பிரேக் வண்டியில் பின்சக்கரம் நகர்ந்தால் பிரேக் ராடும் மாறிப்போகும். இதை மறந்துவிட்டு மழையில் கிளம்புவது ஆபத்து.

மாற்ற வேண்டிய செயினை எண்ணெய் காப்பாற்றாது. பின் ஸ்பிராக்கெட்டின் பின்கோடியில் செயினைப் பிடித்து இழுங்கள். பாதிப் பல் வெளியே தெரிந்தால் முடிந்தது. அளந்து பார்க்க விரும்புகிறவர்களுக்கு: 428 செயினில் ஒரு கண்ணி 12.7 மி.மீ., இருபது கண்ணி 254. அது 259-ஐத் தொட்டால் மாற்றிவிடலாம். செயினும் இரண்டு ஸ்பிராக்கெட்டும் சேர்ந்த கிட்டாகவே மாற்றுங்கள், தேய்ந்த பல்லில் புதுச் செயின் நிலைக்காது. கோவை எல்.ஜி.பி.யின் ரோலான், முருகப்பா குழுமத்தின் டயமண்ட் இரண்டுமே நம் மாநிலத்து நிறுவனங்களின் செயின்கள், பில்லோடு வாங்குங்கள். கிளிப் லாக் மாட்டும்போது அதன் மூடிய முனை செயின் ஓடும் திசையைப் பார்த்திருக்க வேண்டும்.

கடைசியாக, அழகுக்காகக் கழற்றிய செயின் கவரும் சேலை கார்டும். பின்சக்கரத்தில் பாதிக்குக் குறையாமல் மறைக்கும் தடுப்பு இருக்க வேண்டும் என்று மத்திய மோட்டார் வாகன விதிகள், 1989-இன் 123-ஆம் விதி சொல்கிறது. பின்னால் அமர்பவரின் உடை சிக்காமல் இருக்கத்தான் அந்த விதி. மழையில் முந்தானையோடும் துப்பட்டாவோடும் ரெயின்கோட்டின் வாலும் சேர்ந்துகொள்ளும். கழற்றிப் பரணில் போட்டவர்கள் இந்த ஞாயிற்றுக்கிழமையே எடுத்து மாட்டிவிடுங்கள்.