கவுண்டி கோர்ட்டில் இருந்து கடிதம் வந்தால்

இந்த முறை சிவில் வழக்கு பற்றிப் பார்ப்போம். இங்கிலாந்து, வேல்ஸ் நடைமுறையைத்தான் சொல்கிறேன், ஸ்கொட்லாந்தில் வேறு.

கோர்ட் என்றதும் எங்கட ஆட்களுக்குப் பொலிசும் மறியலும்தான் ஞாபகம் வரும். அதனால் ‘கவுண்டி கோர்ட்’ என்று போட்ட கடிதத்தைப் பிரிக்காமலே அலுமாரிக்குள் வைத்துவிடுகிறார்கள். இது ஒருவர் இன்னொருவரிடம் பணம் கேட்கிற வழக்கு. குற்ற வழக்கு இல்லை, கடனுக்காகப் பொலிஸ் வந்து பிடிக்காது.

அநேகமாக நடப்பது இதுதான். சிநேகிதனுக்கு ஃபோன் எடுக்க நீங்கள் கையெழுத்து வைக்கிறீர்கள். அவர் காசு கட்டாமல் விட்டுவிடுகிறார். “பாவிச்சது அவர்தானே” என்றால் கொம்பனி கேட்காது; ஒப்பந்தம் உங்களோடை. வழக்குப் போட முதல் கொம்பனி கடிதம் அனுப்பி, பதில் சொல்ல 30 நாள் தர வேண்டும். தவணையில் கட்டக் கேட்பதென்றால் அப்பவே கேளுங்கோ, கோர்ட் செலவு சேராது.

அதையும் விட்டால் கோர்ட்டில் இருந்து வழக்குப் படிவம் வரும். அது உங்களிடம் சேர்ந்ததாகக் கணக்கிடும் நாளிலிருந்து 14 நாளுக்குள் பதில் போக வேண்டும். ஆலோசனை எடுக்க நேரம் காணாவிட்டால், ‘கிடைத்தது’ என்று அறிவிக்கும் படிவத்தை அந்த 14 நாளுக்குள் அனுப்புங்கோ. மொத்தம் 28 நாள் கிடைக்கும். கடன் சரியென்றால் ஒத்துக்கொண்டு, கையில் வருகிற உதவிப் பணத்தைக் காட்டி, மாதம் எவ்வளவு கட்ட முடியும் என்று எழுதலாம். முழுவதையும் ஒத்துக்கொள்கிற தாள் படிவம் கோர்ட்டுக்கு அல்ல, பணம் கேட்பவருக்குப் போக வேண்டும். இதில் பலர் தடுமாறுகிறார்கள்.

தொகை பிழை, கடன் உங்களுடையது இல்லை என்றால் மறுத்து எழுதுங்கோ. 2024 மே 22 முதல் தொடங்கிய, 10,000 பவுண்ஸ் வரையான பண வழக்குகளை மறுத்தால் மத்தியஸ்தம் கட்டாயம். இலவசம், ஃபோனில் ஒரு மணித்தியாலம். மத்தியஸ்தர் இருவரோடும் தனித்தனியாகக் கதைப்பார், தீர்ப்புச் சொல்ல மாட்டார். சரிவராவிட்டால்தான் நீதிபதி.

பதிலே போடாவிட்டால் விசாரணை இல்லாமலே தீர்ப்பு வரலாம். ஒரு மாதத்துக்குள் முழுக்கக் கட்டினால் பதிவை நீக்கலாம். இல்லாவிட்டால் 6 வருஷம் கிடக்கும். நாளைக்கு விசா கிடைத்து வாடகை வீடு தேடும்போது அது முன்னால் வந்து நிற்கும்.

ஹோம் ஒஃபிஸ் உங்களை வேறு ஊருக்கு மாற்றி, கடிதம் பழைய விலாசத்துக்குப் போயிருந்தால், தீர்ப்பை ரத்துச் செய்யும்படி விண்ணப்பிக்கலாம். தெரிந்த உடனே செய்ய வேண்டும், வழக்குக்கு என்ன மறுப்பு இருக்கிறது என்றும் காட்ட வேண்டும். கட்டணம் உண்டு, வருமானம் குறைந்தவர்கள் சலுகை கேட்கலாம். இடம் மாற்றிய கடிதத்தை மட்டும் எறிஞ்சுபோடாதேங்கோ.