கயிற்றின் இரு முனைகள்

நுழையும்முன்

மனிதனோடு மிக நீண்டகாலமாக வாழ்ந்துவரும் விலங்கு நாய். வேட்டைக்கும் காவலுக்கும் துணைநின்ற அது, இன்று மலைப்பயணங்களிலும் உடன்வருகிறது. நாம் அதனை அழைத்துச் செல்லும் மலையோ வேறு பல உயிர்களின் வீடு. அங்கு நாயிடம் நமக்குள்ள கடமை யாது? மலையிடம் நமக்குள்ள கடமை யாது? இவ்விரு வினாக்களுக்கும் விடை தேடுகிறது இப்பாடம்.

ஏரிகள் நிறைந்த மலை

அமெரிக்காவின் வடமேற்கில் உள்ள வாஷிங்டன் மாநிலத்தில், வடக்குத் தெற்காக நீண்டு கிடக்கிறது காஸ்கேட் மலைத்தொடர். சியாட்டில் நகருக்குக் கிழக்கே, இத்தொடரில் அமைந்துள்ளது ‘ஆல்பைன் லேக்ஸ்’ காட்டுப்பகுதி. 1976ஆம் ஆண்டு இது சட்டத்தால் பாதுகாக்கப்பட்டது. இதனுள் ஊர்திகள் செல்வதில்லை. பெரும்பாலோர் நடந்தே செல்கின்றனர். பழங்காலப் பனியாறுகள் பாறைகளைக் குடைந்து உண்டாக்கிய பள்ளங்களில் நீர் தேங்கி, 700க்கும் மேற்பட்ட ஏரிகளும் குளங்களும் இங்கு உருவாகியுள்ளன.

இலையுதிர்காலமே இம்மலையின் அழகுமிக்க பருவம். ஊசியிலை மரங்கள் பெரும்பாலும் ஆண்டு முழுவதும் பசுமையாயிருப்பவை. லார்ச் மரமோ செப்டம்பர் இறுதியில் பொன்னிறம் பூண்டு, பின்னர்த் தன் இலைகளை முழுவதுமாக உதிர்த்துவிடுகிறது. சில வாரங்களே நீடிக்கும் இக்காட்சியைக் காண, கூடாரத்தையும் உணவையும் முதுகுப்பையில் சுமந்து பலர் மலையேறுகின்றனர். சிலர் தம் நாயையும் அழைத்துச் செல்கின்றனர். இப்பகுதியின் பல பாதைகளில் நாயைக் கயிற்றில் பிடித்தே நடத்த வேண்டும் என்பது விதி.

பைக்காவின் வைக்கோல்

‘நாயும் ஒரு விலங்குதானே, காட்டில் அதற்கு ஏன் கயிறு?’ என்று ஒருவர் கேட்கக்கூடும். விடை, பாதையோரப் பாறைக்குவியல்களுக்குள் இருக்கிறது. அங்கே பைக்கா என்னும் சிற்றுயிர் வாழ்கிறது. முயலின் உறவினமாகிய அது, உள்ளங்கையில் அடங்கும் அளவினது. குளிர்காலத்தில் உறங்கிக் கழிக்காதது. ஆகவே பனி மூடுவதற்குமுன் புல்லையும் பூஞ்செடிகளையும் வாயில் கவ்வி வந்து, பாறையிடுக்குகளில் வைக்கோலாகச் சேர்த்து வைக்கிறது.

நாய் விளையாட்டாகத் துரத்தினாலும் பைக்காவுக்கு அது ஓநாயின் வழித்தோன்றல், உயிரச்சம் தருவது. அஞ்சி ஒளிந்திருக்கும் நேரமெல்லாம் உணவு சேர்க்க இயலாத நேரம். நாய்க்குச் சிறிதுநேர மகிழ்ச்சி. பைக்காவுக்கோ குளிர்கால உணவில் குறைவு. இதனை நாய் அறியாது. அறிந்த மனிதனே கயிற்றைப் பிடித்துக்கொள்ள வேண்டும்.

சொல்லத் தெரியாத தோழன்

கயிற்றின் ஒரு முனை நாயின் கழுத்தில் இருக்கிறது. மறுமுனை மனிதனின் கையில் இருக்கிறது. நாயைக் கட்டுப்படுத்தும் அக்கயிறு, மனிதனையும் ஒரு கடமையில் கட்டுகிறது. தலைவன் நடக்கும்வரை தானும் நடப்பது நாயின் இயல்பு. சோர்ந்தாலும் உள்ளங்கால் தேய்ந்தாலும் அது வாய்விட்டுக் கூறாது. எனவே, ஓய்வின்போது அதன் பாதங்களைத் தொட்டுப் பார்க்க வேண்டும். கூரிய பாறைகளில் நடக்கும் நாய்க்குக் காலுறை அணிவிப்பதும் உண்டு. இரவில் நீர் உறையும் அளவுக்குக் குளிரும். அதற்கும் ஒரு விரிப்பும் போர்வையும் தேவை.

இப்பருவத்தில் ஆற்றங்கரைகளில் மற்றோர் இடரும் உண்டு. முட்டையிட்டபின் சால்மன் மீன்கள் இறந்து கரையொதுங்கும். அவற்றின் பச்சை இறைச்சியிலுள்ள ஒட்டுண்ணி, நாய்க்குக் கொடிய நோயைத் தரும் நுண்ணுயிரைச் சுமந்திருக்கக்கூடும். மருத்துவம் செய்யாவிடில் நாய் இறக்கவும் நேரிடும். மீனின் மணம் நாயை இழுக்கும்போது, அதன் உயிரைக் காப்பது தலைவனின் கையிலுள்ள கயிறே.

தெரிந்து தெளிவோம்

கூடாரத்தை நீர்நிலையிலிருந்து ஏறத்தாழ 60 மீட்டர் தள்ளி அமைத்தல் நன்று. நாயின் கழிவையும் நீரருகே விடலாகாது. நீரிலிருந்து அதே தொலைவில், 15 முதல் 20 செ.மீ. ஆழக் குழியில் புதைத்தல் வேண்டும். அல்லது பையிலிட்டுத் திரும்பக் கொண்டுவருதல் வேண்டும்.

செல்லாத பாதை

இக்காட்டுப்பகுதிக்குள் ‘என்சான்ட்மென்ட்ஸ்’ என்னும் ஏரித்தொகுதி உள்ளது. பொன்னிற லார்ச் மரங்களுக்கு மிகவும் புகழ்பெற்ற இடம் அது. ஆயினும், அங்கு நாய்களுக்கு இடமில்லை. மலையாடுகள் உலவுவதும், காலடி பட்டால் எளிதில் மீளாத செடிகள் வளர்வதும் அவ்விடத்தை அவ்வாறு காக்கச் செய்தன. நாயுடன் வந்தவர் அழகிற்சிறந்த அவ்வேரிகளை விட்டு, புகழ் குறைந்த வேறோர் ஏரிக்குச் செல்ல வேண்டும். அங்கும் லார்ச் மரம் பொன்னிறம் காட்டலாம், காட்டாமலும் போகலாம்.

மாலையில் அவ்வேரிக்கரையில் நாய் தன் தலைவனின் காலடியில் படுத்துறங்குகிறது. எந்த ஏரி புகழ்பெற்றது என்பது அதற்குத் தெரியாது. சற்றுத் தொலைவில், பாறைகளுக்கிடையே பைக்கா தன் கடைசிப் புற்கட்டை இழுத்துச் செல்கிறது. அவ்விரண்டும் அச்சமின்றி இருக்குமாறு நடந்துகொண்டவரே மலைக்குச் செல்லத் தகுதியுடையவர்.

கற்பவை கற்றபின்

1. ‘கயிறு நாயை மட்டுமன்றி மனிதனையும் கட்டுகிறது’ – பாடக் கருத்துகளின் வழி விளக்குக.

2. உங்கள் ஊருக்கு அருகிலுள்ள காட்டுப்பகுதியிலோ நீர்நிலையிலோ வளர்ப்பு விலங்குகளால் பிற உயிர்களுக்கு நேரும் விளைவுகளைக் கேட்டறிந்து, வகுப்பறையில் கலந்துரையாடுக.