ஆசனவாய்ப் புற்றுநோய்: கீமோவும் கதிர்வீச்சும் சேர்ந்த சிகிச்சை, படிப்படியாக

ஆசனவாயில் வரும் புற்றுநோய் பெரும்பாலும் ஸ்குவாமஸ் செல் வகையைச் சேர்ந்தது. கீமோதெரபியையும் கதிர்வீச்சையும் ஒரே காலத்தில் கொடுத்தால், உறுப்பை வெட்டாமலேயே பலருக்கு இது குணமாகிறது. 1970கள் வரை ஆசனவாயை அகற்றி, வயிற்றில் நிரந்தரமாக மலப்பை பொருத்துவதே வழக்கம். அமெரிக்காவின் டெட்ராய்ட் நகர அறுவை மருத்துவர் நார்மன் நைக்ரோ, அறுவைக்கு முன் கீமோவையும் கதிர்வீச்சையும் சேர்த்துப் பெற்ற மூன்று நோயாளிகளைப் பற்றி 1974இல் எழுதினார். அறுவை செய்துகொண்ட இருவரின் திசுவிலும் புற்று எஞ்சவில்லை. மூன்றாமவர் அறுவைக்கு மறுத்தார். அவருக்கும் நோய் திரும்பவில்லை. அதிலிருந்து வளர்ந்த முறையே இன்று முதல் சிகிச்சை.

முதலில் நோயை உறுதிசெய்ய வேண்டும். ரத்தம், வலி, அரிப்பு, கட்டி எல்லாம் மூலத்திலும் வரும் என்பதால், களிம்பு தடவியே மாதங்கள் ஓடிவிடுகின்றன. கூச்சமும் சேர்ந்தால் இன்னும் தாமதம். இரண்டு மூன்று வாரத்தில் சரியாகாத எதற்கும் அரசு சுகாதார கிளினிக்கிலேயே விரலால் பரிசோதிக்கச் சொல்லி, அறுவைப் பிரிவுக்குக் கடிதம் வாங்கிக்கொள்ளலாம். அங்கே மயக்கம் கொடுத்துச் சிறு துண்டு எடுத்து பயாப்சி செய்வார்கள். பிறகு இடுப்புக்கு எம்ஆர்ஐ, நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் சிடி ஸ்கேன். தொடையிடுக்கில் நெறி கட்டியிருக்கிறதா என்பதையும் பார்ப்பார்கள். பெரும்பாலான நோயாளிகளிடம் இதற்குக் காரணம் எச்பிவி வைரஸ் என்பதால், பெண்களுக்குக் கருப்பைவாய்ப் பரிசோதனையும், எல்லாருக்கும் எச்ஐவி சோதனையும் உண்டு.

அடுத்தது முன்னேற்பாடு. மலேசியாவின் ஜொகூர் மாநிலத்தில் அரசுத் தரப்பில் கதிர்வீச்சு வசதி உள்ள இடம் ஜொகூர் பாருவின் சுல்தான் இஸ்மாயில் மருத்துவமனை. சிகிச்சை ஐந்தரை வாரம் நீளும். சிகாமாட்டிலிருந்தோ மெர்சிங்கிலிருந்தோ தினமும் வந்து போவது நடக்காத காரியம். தங்கும் இடம், துணைக்கு ஆள், வேலையிடத்து விடுப்பு மூன்றையும் தொடங்கும் முன்பே முடித்துவிட வேண்டும். 2025 ஜனவரி முதல் ஜொகூரில் வார விடுமுறை சனி, ஞாயிறு. விடுப்பைத் திங்கள் முதல் வெள்ளி வரை கணக்கிட வேண்டும். குறைந்த வருமானத்தினருக்கான அரசின் பெக்கா பி40 திட்டத்தில் தகுதி உள்ளவர்களுக்குச் சிகிச்சையை முடிக்க 1,000 ரிங்கிட் ஊக்கத்தொகையும், தீபகற்பத்தில் 500 ரிங்கிட் வரை பயண உதவியும் உண்டு. மருத்துவமனையின் சமூகநலப் பிரிவில் முதல் நாளே கேட்பது நல்லது. புகைபிடிப்பவர் அன்றே விட வேண்டும். குழந்தை பெறும் எண்ணம் இருந்தால் விந்தணுவையோ கருமுட்டையையோ சேமிப்பது பற்றி இப்போதே பேச வேண்டும். கதிர்வீச்சுக்குப் பின் வழியில்லாமல் போகலாம்.

பிறகு திட்டமிடும் சிடி. சிறுநீர்ப்பை நிறையத் தண்ணீர் குடித்துப் படுக்கச் சொல்வது, சிறுகுடலைக் கதிரின் பாதையிலிருந்து மேலே தள்ளுவதற்காக. தோலில் மிகச் சிறிய புள்ளிகள் குத்துவார்கள்; தினமும் அதே கோணத்தில் படுக்கவைக்க அவைதான் அடையாளம்.

பரவலாகப் பின்பற்றப்படும் ஒரு முறையில் வார நாட்களில் மட்டும் 28 நாட்கள், நாளுக்கு 1.8 கிரே (கதிர்வீச்சின் அலகு) வீதம் 50.4 கிரே கொடுக்கப்படுகிறது. முதல் நாளில் ஊதா நிற மைட்டோமைசின் மருந்து ரத்தநாளம் வழியே சில நிமிடங்களில் ஏறிவிடும். அதோடு ஃபுளோரோயுராசில், முதல் வாரத்திலும் ஐந்தாம் வாரத்திலும் நான்கு நான்கு நாட்கள் விடாமல் ஏறும். அதற்குப் பதிலாகக் கேப்சிட்டபின் மாத்திரை என்றால், கதிர்வீச்சு நாட்களில் மட்டும் காலையும் மாலையும் சாப்பிட்ட அரை மணிக்குள். ஃபுளோரோயுராசிலோ கேப்சிட்டபினோ எடுக்கும்போது நெஞ்சு வலித்தால் உடனே சொல்ல வேண்டும். இதய ரத்தக்குழாய் இறுகிப்போவது இம்மருந்துகளின் அறிந்த விளைவு.

மூன்றாம் வாரத்திலிருந்துதான் கஷ்டம். தொடையிடுக்கிலும் பிட்டத்திலும் தோல் சிவந்து, உரிந்து, நீர் வடியும். காகிதத்தால் துடைக்காமல் வெதுவெதுப்பான நீரால் கழுவி, ஒற்றி உலர்த்த வேண்டும்; தளர்ந்த பருத்தித் துணி போதும். எண்ணெய், மஞ்சள், வாசனைப் பவுடர் எதுவும் வேண்டாம். வலிக்கு மார்ஃபின் கேட்பதில் வெட்கமில்லை. வயிற்றுப்போக்குக்கு மருந்து தருவார்கள்; அந்த வாரங்களில் கஞ்சி, இட்லி, நிறையத் தண்ணீர், காரம் குறைவு. கஷாயம், மூலிகை, ரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின் எது எடுத்தாலும் மருத்துவருக்குத் தெரிய வேண்டும். வெள்ளணு குறைவதால் 38 பாகை காய்ச்சல் வந்தால், காய்ச்சல் மாத்திரை போட்டுக்கொண்டு காத்திராமல் நேரே அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும்.

இந்தக் கட்டத்தில் "கொஞ்ச நாள் விட்டுப் பிறகு பார்க்கலாம்" என்று தோன்றும். இடைவெளி விழுந்தால் புற்று மீண்டும் வளர வாய்ப்பு கிடைக்கிறது. புண்ணுக்கு மருந்தை அதிகரித்துக்கொண்டு நாட்களைத் தொடர்வதே சரி. நிறுத்துவதா என்பதை மருத்துவர் மட்டுமே முடிவுசெய்யட்டும்.

முடிந்த பின் பொறுமை வேண்டும். கட்டி பல மாதங்களில் மெல்லக் கரையும். பிரிட்டனில் நடந்த ஏக்ட் டூ ஆய்வில், சிகிச்சை தொடங்கிய 11ஆம் வாரத்தில் முழுமையாக மறையாதவர்களில் ஏறத்தாழ 72 விழுக்காட்டினருக்கு 26ஆம் வாரத்துக்குள் மறைந்தது. ஆகவே வளராமல் சுருங்கிவரும் கட்டியை அவசரப்பட்டு வெட்டுவதில்லை. 26 வாரத்துக்குப் பிறகும் எஞ்சினால், அல்லது பின்னர் திரும்பினால், மலப்பையோடு கூடிய பழைய அறுவை இன்றும் குணப்படுத்தக்கூடிய வழி. முழுமையாக மறைந்தவர்கள் ஐந்து ஆண்டுகள், மூன்று முதல் ஆறு மாதத்துக்கு ஒருமுறை விரல் பரிசோதனைக்கும் தொடையிடுக்குப் பரிசோதனைக்கும் வர வேண்டும். மலம் அவசரமாக வருவது, பெண்களுக்குப் பிறப்புறுப்பு சுருங்குவது, உறவில் வலி ஆகியவற்றையும் அந்தச் சந்திப்புகளில் சொல்லலாம். விரிப்பான் கருவி, இடுப்புத் தசைப் பயிற்சி போன்ற உதவிகள் இருக்கின்றன.