வீட்டுத்தோட்டம்: நாட்களை எண்ணி விதைப்போம்

ஊரில் தோட்டம் செய்தவர்களுக்குத் தண்ணீர்தான் பெரிய கணக்கு. சித்திரை வெயிலில் கிணற்றைப் பார்த்துத்தான் பாத்தி கட்டினோம். ரொறன்ரோவில் தண்ணீர் குழாயில் வருகிறது. தட்டுப்பாடு நாட்களுக்குத்தான்.

இங்கு கடைசி உறைபனி பெரும்பாலும் மே நடுப்பகுதியோடு ஓயும். முதல் உறைபனி ஒக்ரோபர் முற்பகுதியிலேயே வரலாம். ஏரியோரத்தில் இருப்பவர்களுக்குச் சில நாட்கள் கூடக் கிடைக்கும். மார்க்கம், பிரம்ரன் பக்கம் குறையும். ஆக, இடையில் சுமார் 140 நாட்கள். ஆனால் எமது மரக்கறிகளுக்குப் பனி இல்லாதிருந்தால் மட்டும் போதாது, இரவிலும் சூடு வேண்டும். அப்படிப் பார்த்தால் ஜூன் தொடக்கம் செப்ரெம்பர் நடுப்பகுதி வரை, ஏறக்குறைய 100 நாட்களே எமது கையிருப்பு.

எனவே மே மாத இறுதியை நடுகை நாளாக வைத்துப் பின்னோக்கி எண்ண வேண்டும். மிளகாய்க்கு 10 கிழமை, கத்தரிக்கு 8, தக்காளிக்கு 6. பங்குனி பிறந்ததும் மிளகாய் விதையை வீட்டுக்குள்ளே சாடியில் போட்டுவிடலாம். சித்திரை வருடப்பிறப்பன்று தக்காளி போட்டால் கணக்குச் சரி. மிளகாய் முளைக்க மண் 25 பாகைக்கு மேல் சூடாக இருக்க வேண்டும். குளிர்சாதனப் பெட்டியின் மேல் வைத்தாலும் முளைக்கும். முளைத்தபின் யன்னல் வெளிச்சம் போதாது. நாற்று நெட்டையாகிச் சாய்ந்துவிடும். இரண்டு மூன்று அங்குல உயரத்தில் ரியூப் லைற்றைத் தொங்கவிட்டு 14 மணி நேரம் எரிய விடுங்கள்.

விக்ரோறியா தின விடுமுறைக்குத் தோட்டத்தில் இறங்குவது இந்நாட்டு வழக்கம். தக்காளிக்கு அது பொருந்தும். மிளகாயும் கத்தரியும் இன்னும் ஒரு கிழமை பொறுக்கட்டும். எந்த நாற்றையும் ஒரு கிழமையாவது வெளியே வைத்து, முதலில் நிழலிலும் பிறகு வெயிலிலும் பழக்கிய பின்பே நடவேண்டும். வெண்டியையும் பயிற்றையையும் ஜூன் பிறந்தபின் நேரே மண்ணில் ஊன்றலாம். குளிர்ந்த மண்ணில் அவற்றின் விதை அழுகிவிடும். பாகலும் புடோலும் வேரை அசைத்தால் சுணங்கும். மே தொடக்கத்தில் கடதாசிக் குவளைகளில் போட்டுக் குவளையோடு நடுவது நல்லது.

இத்தனை கணக்கும் போட்ட நாங்களே ஒரு விடயத்தில் ஏமாந்தோம். கோயிலில் ஒரு வயதான அம்மா, ஊர் விதை என்று 9 சிறகவரை விதைகள் தந்தார். அவ்வளவையும் ஒரே கோடையில் ஊன்றினோம். கொடி கூரை வரை ஏறியது. ஜூலையில் பூவில்லை, ஓகஸ்ற்றிலும் இல்லை. பசளை போதாதென்று இன்னும் போட்டோம். செப்ரெம்பர் கடைசியில் பூத்தது. பிஞ்சு பிடிக்குமுன் உறைபனி எல்லாவற்றையும் கறுப்பாக்கிவிட்டது.

பிழை பசளையில் இல்லை, பகலில். சிறகவரை பகல் 12 மணி நேரமளவுக்குக் குறுகினால்தான் பூக்கும் கொடி. யாழ்ப்பாணத்தில் ஆண்டின் மிக நீண்ட பகலே 12¾ மணியைத் தாண்டாது. ரொறன்ரோவில் ஜூனில் அது ஏறத்தாழ 15½ மணி. இங்கே பகல் குறுகும்போது பனியும் கூடவே வந்துவிடுகிறது. அவரையிலும் பல இனங்கள் இப்படித்தான். பகல் நீளத்தைப் பொருட்படுத்தாத இனங்களும் உண்டு, விதை வாங்கும்போது அதைக் கேட்டு வாங்குங்கள். தக்காளிக்கும் வெண்டிக்கும் இங்கே இந்தத் தொல்லை இல்லை.

அடுத்த திருவிழாவில் அந்த அம்மா, "காய்ச்சுதோ தம்பி?" என்று கேட்டார். அவரிடமும் விதை மிச்சமிருக்கவில்லை. இப்போது யார் எந்த விதை தந்தாலும் பாதியை உறையிலிட்டு, பெயரும் ஆண்டும் எழுதி, ஈரம் படாத போத்தலில் வைத்துவிட்டே மீதியை ஊன்றுகிறோம்.