வெளியீட்டுக்கு முந்திய நிரற்பொதிகள்

ஐதராபாத்தின் இராஜேந்திரநகரை மையமாகக் கொண்டு, அகில இந்திய ஒருங்கிணைந்த நெல் ஆராய்ச்சித் திட்டம் 1965 முதல் நடைபெற்று வருகிறது. சோதனைக்கு வரும் நெல் இனத்திற்கு அங்கு ஐ.இ.டி. எண் வழங்கப்படும். பாக்டீரிய இலைக்கருகலைத் தாங்கும் மேம்படுத்தப்பட்ட சம்பா மசூரியும் பல இடங்களில் சோதிக்கப்பெற்ற பின்னரே 2008-ல் வெளியிடப்பட்டது. ஜாவாஸ்கிரிப்ட் நிரல் எழுதுவோர்க்கும் இத்தகைய இடைக்கட்டம் ஒன்று உண்டு.

ஒரு நிரல், பிறர் எழுதிய பல பேக்கேஜுகளை, அதாவது நிரற்பொதிகளை, நம்பி இயங்குகிறது. அவற்றின் பெயர்களும் வெளியீட்டு எண்களும் பேக்கேஜ்.ஜேசான் என்னும் கோப்பில் குறிக்கப்படும். 2010-ல் தோன்றிய என்.பி.எம். என்னும் கருவி அவற்றைப் பொதுக் களஞ்சியத்தினின்று கொணர்ந்து, நோட் மாட்யூல்ஸ் என்னும் கோப்புறையில் வைக்கும். பொதியையும் நாமே திருத்திக் கொண்டிருந்தால் என் செய்வது? ஒவ்வொரு சிறு திருத்தத்தையும் வெளியிடுதல் முறையன்று; ஒருமுறை வெளியிட்ட எண்ணை மீண்டும் வழங்கவும் இயலாது.

இதற்கு எளிய வழி லிங்க் என்னும் கட்டளை. பொதியின் கோப்புறையில் ஒருமுறையும், நிரலின் கோப்புறையில் பொதியின் பெயருடன் ஒருமுறையும் இதனைக் கொடுக்க வேண்டும். எதுவும் படியெடுக்கப்படுவதில்லை, மூலக் கோப்புறையைக் காட்டும் சுட்டி ஒன்றே அமைகிறது. ஆகவே செய்த திருத்தம் உடனே புலப்படும். ஆயின் குறைகளும் உள. பொதி தன் தேவைகளைத் தன் மூல இடத்திலேயே தேடுவதால், ரியாக்ட் போன்ற நூலகம் இருமுறை ஏற்றப்பட்டு, அதன் ஹூக்ஸ் வசதி பழுதுபடலாம். வெளியீட்டில் சேர்க்க மறந்த கோப்பும் சுட்டியின் வழியே கிடைத்துவிடுவதால், அப்பிழை நம் கண்ணிற்படாது, பயன்படுத்துவோரிடமே வெளிப்படும். ஆய்வாளரின் பாத்தியில் செழித்த நெல்லை அங்கேயே மதிப்பிடுவது போன்றது இது.

எனவே வெளியிடுமுன் ஒருமுறையேனும் பேக் என்னும் கட்டளையால் பொதியைக் கட்டி, அக்கட்டினையே நிரலில் நிறுவிச் சோதித்தல் வேண்டும். களஞ்சியத்திற்குச் செல்லும் கோப்புகள் எவையோ, அவையே கட்டிலும் இருக்கும். திருத்தந்தோறும் இதனைச் செய்வது சலிப்பூட்டும் என்பது மெய்யே. அதற்கு லிங்க் போதும்.

பொதியும் நிரலும் ஒரே திட்டத்தைச் சேர்ந்தவையாயின், 2020-ல் வந்த என்.பி.எம். 7 முதல் உள்ள ஒர்க்ஸ்பேசஸ் முறையே சாலச் சிறந்தது. தம் கணினியின் கோப்புறைப் பாதையை பேக்கேஜ்.ஜேசானில் எழுதி, அப்படியே பிறர்க்கு அனுப்புவோரும் உளர். அப்பாதை பெறுவோர் கணினியில் இராது, நிரல் நின்றுவிடும். பொதி வெளியானதும் பாதையை நீக்கி, வெளியீட்டு எண்ணை எழுதி, நோட் மாட்யூல்ஸை அழித்துப் புதிதாக நிறுவிப் பார்த்தல் வேண்டும்.