ஏரிப் பாசனக் கணக்குக்கு இலவச டேட்டாபேஸ்

புதுச்சேரியின் மிகப் பெரிய ஏரி, வில்லியனூர் பக்கமுள்ள ஊசுடு. அதற்கு அடுத்தது பாகூர் ஏரி. எங்கள் பகுதியில் ஏரிப் பாசன சந்தாக் கணக்கைக் கம்ப்யூட்டரில் ஏற்றித் தரச் சொன்னார்கள். கட்டிய பணம் பதிவாகாமல் போனால், கட்டியவரே ஊர்க் கூட்டத்தில் பாக்கிக்காரர் ஆகிவிடுவார். எனவே சாஃப்ட்வேர் இன்ஜினியரான நான் தேர்ந்தெடுத்தது 'டிபி பிரவுசர் ஃபார் எஸ்க்யூலைட்'. விண்டோஸ், லினக்ஸ், மேக் மூன்றிலும் இயங்கும் இலவச புரோகிராம் இது.

எஸ்க்யூலைட் என்பது ரிச்சர்ட் ஹிப் 2000-ல் உருவாக்கிய சிறிய டேட்டாபேஸ். உங்கள் ஆண்ட்ராய்டு போனிலும் இது இருக்கிறது. இதற்குத் தனி சர்வர் வேண்டாம். முழு டேட்டாபேஸும் ஒரே ஃபைல்தான்.

இனி செய்முறையைப் பார்ப்போம்.

1. புரோகிராமைத் திறந்து 'நியூ டேட்டாபேஸ்' பட்டனைக் கிளிக் செய்து, ஃபைலுக்குப் பெயர் கொடுங்கள்.

2. அடுத்து வரும் விண்டோவில் டேபிளுக்கு 'சந்தா' எனப் பெயரிடுங்கள். பெயர், ஊர், தொகை என மூன்று ஃபீல்டுகளைச் சேருங்கள். பெயர், ஊர் இரண்டுக்கும் 'டெக்ஸ்ட்', தொகைக்கு 'இன்டிஜர்' என்று வகையைத் தேர்ந்தெடுங்கள். தொகைக்கும் டெக்ஸ்ட் கொடுத்தால், எழுத்து வரிசைப்படி ஒப்பிட்டு 1000-ஐ 500-ஐ விடச் சிறியதாக எடுத்துக்கொள்ளும்.

3. 'பிரவுஸ் டேட்டா' டேபில் புதிய ரெக்கார்டைச் சேர்த்து விவரங்களைத் தமிழிலேயே டைப் செய்யுங்கள்.

4. தேடுவதற்கு, ஃபீல்டு பெயருக்குக் கீழே உள்ள ஃபில்டர் கட்டம் உதவும். ஊர் கட்டத்தில் 'பாகூர்' என்று டைப் செய்தால் அந்த ஊர்க்காரர்கள் மட்டும் தெரிவார்கள். தொகை கட்டத்தில் <500 என்றால், 500 ரூபாய்க்குக் குறைவாகக் கட்டியவர்கள் வருவார்கள்.

முக்கியமான எச்சரிக்கை ஒன்று. நீங்கள் டைப் செய்தது திரையில் தெரிந்தாலும் ஃபைலில் இன்னும் பதிவாகியிருக்காது. 'ரைட் சேஞ்சஸ்' பட்டனை அழுத்தினால்தான் பதிவாகும். அதற்குள் கரண்ட் போனால் பழைய கணக்கு பத்திரமாக இருக்கும். புதிதாகச் சேர்த்தது போய்விடும். எனவே பத்துப் பெயருக்கு ஒருமுறையாவது கண்ட்ரோல் + எஸ் அழுத்துங்கள். தவறாக எதையாவது மாற்றிவிட்டால், பதிவு செய்யும் முன் 'ரிவர்ட் சேஞ்சஸ்' மூலம் பழைய நிலைக்குத் திரும்பலாம்.

வேலை முடிந்ததும் புரோகிராமை மூடிவிட்டு, அந்த ஒரு ஃபைலைப் பென் டிரைவில் காப்பி செய்து சங்கத்தில் இன்னொருவரிடம் கொடுத்து வையுங்கள். கம்ப்யூட்டர் பழுதானாலும் ஊர்க் கணக்கு தப்பிக்கும்.